பூஜ்யம் என்றொரு பதில்

ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் பல வருடங்களாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான். “4096 என்று ஒரு ஸ்டிரிங் வருகிறது. அதை இன்டிஜராக மாற்றும் ஃபங்ஷனை நீங்களே எழுத வேண்டும். லைப்ரரியில் இருப்பதைத் தொடக்கூடாது.” வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்துவிடும். பைனரி ட்ரீயைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டு வந்தவர்கள். இதுவோ ‘ஏ-டு-ஐ’, காலேஜிலேயே போட்டுப் பழகியது. மளமளவென்று போர்டில் எழுதிவிடுவார்கள்.

எழுத வேண்டியதும் அதிகமில்லை. கீபோர்டில் 7 என்று தட்டும்போது புரோகிராமுக்குப் போய்ச் சேர்வது ஏழு அல்ல, 55. ஆஸ்கி பட்டியலில் ‘0’ என்ற எழுத்துக்கு 48, ‘1’-க்கு 49, இப்படியே போய் ‘9’-க்கு 57. ஆகவே குறியெண்ணிலிருந்து 48-ஐக் கழித்தால் இலக்கம் கிடைத்துவிடும். பிறகு இடமிருந்து வலமாக நடக்க வேண்டும். கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கு, புது இலக்கத்தைக் கூட்டு. முதலில் 4, அப்புறம் 40, 409, கடைசியில் 4096. கெர்னிகனும் ரிச்சியும் 1978-ல் வெளியிட்ட சி மொழிப் புத்தகத்திலேயே இந்த லூப் இருக்கிறது. ஐ.பி.எம். மெயின்ஃபிரேம்களின் எப்சிடிக் குறியீட்டில் ‘0’-க்கு 240. ஆனால் அங்கேயும் பத்து இலக்கங்களும் வரிசையாகத்தான் நிற்கின்றன. அதனால் 48 என்று எண்ணாகப் போடாமல் ‘0’ என்ற எழுத்தையே கழித்தால் அங்கேயும் ஓடும். யாராவது அப்படி எழுதினால் மனசுக்குள் ஒரு மார்க் கூடுதலாகப் போட்டுவிடுவேன்.

நேர்காணல் உண்மையில் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

“சரிம்மா, 4096-க்குப் பதிலா ‘ராமு’ன்னு வந்தா?”

“சைபர் ரிட்டர்ன் பண்ணிடலாம் சார்.”

“‘0’ன்னே வந்தா?”

“அதுக்கும் சைபர்தான் சார்.”

“அப்போ இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டவருக்கு வந்தது ராமுவா சைபரான்னு எப்படித் தெரியும்?”

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணோ பையனோ என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பது. சிலர் −1 கொடுக்கலாம் என்பார்கள். −1 என்பதே ஒரு நல்ல எண் ஆயிற்றே என்று உடனே அவர்களே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும். “யார்கிட்ட இருந்து சார் இந்த ஸ்டிரிங் வருது?” என்று திருப்பிக் கேட்பவர்களை இன்னும் பிடிக்கும்.

சைபர் என்று சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சி மொழியின் ஏ-டு-ஐ அப்படித்தான் நடந்துகொள்கிறது. ‘ராமு’ கொடுத்தால் 0. ஒன்றுமே எழுதாத வெற்று ஸ்டிரிங் கொடுத்தாலும் 0. ‘25 பேர்’ என்று கொடுத்தால் 25-ஐ எடுத்துக்கொண்டு பேரைக் காற்றில் விட்டுவிடும். புகார் எதுவும் கிடையாது. அளவுக்கு மீறிய எண் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், சி மொழியின் தர ஆவணம் கையை விரித்துவிடுகிறது. என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

நான் சி படித்தது தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் குறுகலான மாடிப்படி ஏறிப் போகும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். நீலத்திரை டர்போ சி. படிக்கிற எல்லாரும் சம்பளப் பட்டியல் புரோகிராம் ஒன்று போட்டாக வேண்டும். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஸ்டிரிங்காக வாங்கி, ஏ-டு-ஐயில் போட்டுக் கூட்டுவோம். டர்போ சியில் ஓர் இன்டிஜருக்கு 16 பிட்தான் இடம், 32767-க்கு மேல் கொள்ளாது. 40000 என்று அடித்தால் −25536 என்று விடை வரும். எங்கள் தெருவில் அப்போது யாருக்கும் மாதம் 40000 ரூபாய் சம்பளம் இல்லை. ஆகையால் புரோகிராம் மிகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

அதே டர்போ சியில் ‘ஸ்டர்-டு-எல்’ என்று இன்னொரு ஃபங்ஷனும் இருந்தது. 1989-ல் வந்த ஆன்சி தரத்திலேயே அதற்கு இடம் உண்டு. யாரும் எங்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அதற்குக் கொடுக்க வேண்டியவை மூன்று. ஸ்டிரிங், எந்த அடிமானம் என்பது, அப்புறம் ஒரு பாயின்டர். அந்தப் பாயின்டரில்தான் விஷயமே இருக்கிறது. மாற்றிக்கொண்டே போகும்போது எந்த எழுத்தில் நின்றுவிட்டதோ அந்த இடத்தை அதில் குறித்துக் கொடுக்கும். பாயின்டர் ஸ்டிரிங்கின் தொடக்கத்திலேயே நின்றால் ஓர் இலக்கம்கூட இல்லை என்று அர்த்தம், அதாவது ராமு. நடுவில் நின்றால் ‘25 பேர்’. கடைசிவரை போய்விட்டால் முழுக்க எண். அளவு மீறினால் தனியாக ஒரு பிழைக் குறி வைக்கும். கேட்க வேண்டிய எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றையும் நாமே கேட்க வேண்டும். ஏ-டு-ஐ ஒரே வரியில் முடிந்துவிடும், ஸ்டர்-டு-எல் நான்கைந்து வரி கேட்கும். உலகம் எதைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

அளவு மீறலைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். போர்டில் லூப் எழுதுகிறவர்கள் பெருக்கிக் கூட்டிய பிறகு “எண் பெரிதாகிவிட்டதா?” என்று பார்ப்பார்கள். பெரிதாகிவிட்டால் அதற்குள் அது உருமாறியிருக்கும், பார்த்துப் பயனில்லை. பெருக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். 32 பிட்டில் மேல் எல்லை 2147483647, கீழ் எல்லை −2147483648. கீழே ஒன்று அதிகம். முதலில் நேர் எண்ணாகக் கட்டிவிட்டுக் கடைசியில் மைனஸ் போடலாம் என்று போனால் அந்தக் கடைசி எண் கைக்கு எட்டாது. ஜாவாவின் ‘பார்ஸ்இன்ட்’ எப்படிச் செய்கிறது என்று அதன் மூல நிரலைத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வந்தன. அது எல்லா எண்ணையும் எதிர் எண்ணாகவே கட்டிக்கொண்டு போகிறது. கூட்டுவதற்குப் பதில் கழிக்கிறது. நேர் எண் வேண்டுமென்றால் முடிவில் குறியை மாற்றிக் கொடுக்கிறது. எதிர்ப்பக்கம்தான் இடம் அதிகம் என்பதால்.

பைத்தானில் இந்தத் தொல்லையே இல்லை, இன்டிஜர் எவ்வளவு நீளமும் போகலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் இலக்கங்களை இரண்டு மடங்காக்கினால் மாற்றும் வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. வேண்டுமென்றே லட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பி சர்வரைத் திணறடிக்கலாம். 2022 செப்டம்பரில் அதற்கும் 4300 இலக்கம் என்று ஒரு வரம்பு கட்டிவிட்டார்கள்.

என் பிழைப்பில் பெரும்பகுதி டேட்டா மைக்ரேஷன். பழைய கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு ஏற்றும் வேலை. ஒருமுறை ஒரு கூட்டுறவு வங்கிக்குப் போனேன். எனக்கு முன்னால் வேறொரு குழு ஏற்றி முடித்து, பணமும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. முதல் நாளே மூத்த குமாஸ்தா ஒருவர் கனமான லெட்ஜர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“தம்பி, நம்பருக்கு முன்னாடி இருக்கிற சைபரை எல்லாம் எங்கப்பா கொண்டுபோய்ப் போட்டீங்க?”

“நாங்க இல்லீங்க ஐயா. எங்களுக்கு முன்னாடி வந்தவங்க.”

“யாரோ ஒருத்தர். 0123 ஒருத்தர் கணக்கு, 123 வேற ஒருத்தர் கணக்கு. இப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளா நிக்கிறாங்க.”

விசாரித்ததில் கதை தெரிந்தது. அந்தக் கிளையில் முதலில் ஒன்று, இரண்டு என்று நேராக எண் போட்டிருக்கிறார்கள். பிறகு பக்கத்துச் சங்கம் ஒன்று இதோடு இணைந்தபோது, அங்கிருந்து வந்த கணக்குகளுக்கு முன்னால் ஒரு சைபர் சேர்த்து வேறுபடுத்தியிருக்கிறார்கள். குமாஸ்தாக்களுக்கு அது முற்றிலும் போதுமான ஏற்பாடு. ஏற்றியவர்கள் கணக்கு எண் என்ற ஃபீல்டைப் பார்த்ததும் ‘எண்’ என்றே நம்பி இன்டிஜராக மாற்றிவிட்டார்கள். மாற்றத்தில் எந்தப் பிழையும் காட்டவில்லை. 0123 என்பதன் மதிப்பு 123 என்பதில் கணிதத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லையே.

அன்றிலிருந்து எந்த ஃபீல்டைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. இந்த இரண்டைக் கூட்டினால் யாருக்காவது பயனுண்டா? இரண்டு பேருடைய நிலுவையைக் கூட்டலாம். இரண்டு பேருடைய கணக்கு எண்ணைக் கூட்டி என்ன செய்வது? கைப்பேசி எண், ஆதார், பின்கோடு, ரேஷன் அட்டை எண் எல்லாம் இதே வகைதான். நமது கைப்பேசி எண்களோ பத்து இலக்கம், 6-லிருந்து 9-க்குள் தொடங்குபவை. அவற்றில் மிகச் சிறியதே 32 பிட் எல்லையை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. ஒரு கடையின் வாடிக்கையாளர் அட்டவணையில் எல்லாருக்கும் ஒரே தொலைபேசி எண் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். 2147483647. அந்தக் கடையின் தரவுத்தளமான பழைய மை-எஸ்.க்யூ.எல். கண்டிப்பில்லாத முறையில் வைக்கப்பட்டிருந்தது. கொள்ளாத எண் வந்தால் பிழை காட்டாமல், கொள்ளும் அதிகபட்சத்தைப் போட்டுவைத்து நகர்ந்துவிடும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துக்குப் பகுதி எண் 214. இப்படி எத்தனை புரோகிராம்கள் அந்த ஊர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கின்றனவோ!

பின்கோடு விஷயத்தில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். இந்தியாவில் எந்தப் பின்கோடும் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. அதனால் அதை இன்டிஜராக வைத்தவர்கள் மாட்டிக்கொள்வதில்லை. அதே மென்பொருளை அமெரிக்காவுக்கு விற்கப் போனால் மாசசூசெட்ஸ் முகவரிகளில் சிக்கல் தொடங்கும். அங்கே 02139 என்றெல்லாம் உண்டு.

முன்னால் நிற்கும் சைபர் வெறுமனே காணாமல் போனால்கூடப் பரவாயில்லை. சில இடங்களில் அது மற்ற இலக்கங்களின் மதிப்பையே மாற்றிவிடும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் வேலை செய்த பி.டி.பி. கணினிகளில் எண்களை எட்டடிமானத்தில் எழுதுவது வழக்கம். பி மொழியிலேயே சைபரில் தொடங்கும் எண் எட்டடிமானம் என்று வைத்தார்கள். அது சி மொழிக்கு வந்தது, அங்கிருந்து ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் போனது. பழைய பிரவுசர்களில் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட்டுக்குச் சென்னையின் எஸ்.டி.டி. குறியீடான 044-ஐக் கொடுத்தால் 36 வரும். கோயம்புத்தூரின் 0422 கொடுத்தால் 274. பெங்களூரின் 080 கொடுத்தால் 0, ஏனென்றால் எட்டடிமானத்தில் 8 என்று ஓர் இலக்கமே இல்லை. சைபரோடு நின்றுவிடும்.

தேதிப் படிவங்களில்தான் இது அதிகம் படுத்தியது. மாதத்தை ‘01’, ‘02’ என்று எழுதி வாங்கி பார்ஸ்இன்ட்டில் போடுவார்கள். ஜனவரி முதல் ஜூலை வரை அழகாக ஓடும். ‘08’ வந்ததும் பூஜ்யம். ‘09’-க்கும் பூஜ்யம். அக்டோபரில் ‘10’ ஆனதும் தானாகச் சரியாகிவிடும். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் மட்டும் வந்துபோகும் கோளாறு. புகார் வந்து, அது யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் போய்ச் சேர்வதற்குள் தீபாவளி வந்துவிடும். 2009 டிசம்பரில் வந்த, ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் ஐந்தாம் பதிப்புதான் இதைப் பத்தடிமானமாக மாற்றியது. அதற்கு முன்னால் வேலை கற்றவர்கள் இன்றும் பார்ஸ்இன்ட் எழுதினால் பக்கத்தில் 10 என்று அடிமானத்தையும் சேர்த்தே எழுதுவதைக் கவனித்திருக்கிறேன். விரல் பழக்கம். நானும் அப்படித்தான்.

முடிந்துபோன சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். 010.8.8.8 என்று ஓர் ஐ.பி. முகவரி வந்தால், முதல் பகுதி 10 என்று வாசித்தால் அது அலுவலகத்துக்குள் இருக்கும் நெட்வொர்க். எட்டடிமானமாக வாசித்தால் 8, வெளியுலகம். சோதிக்கும் புரோகிராம் ஒரு மாதிரியும் இணைப்பு கொடுக்கும் புரோகிராம் வேறு மாதிரியும் வாசித்தால் காவலை ஏமாற்றிவிடலாம். பைத்தானின் சொந்த ஐ.பி. லைப்ரரியிலேயே இந்த ஓட்டை இருந்து, 2021-ல் அடைத்தார்கள். அடைத்த விதம் எனக்குப் பிடித்தது. எப்படி வாசிப்பது என்று முடிவெடுக்கவில்லை, முன்னால் சைபர் இருந்தால் ஏற்பதில்லை என்று நிறுத்திக்கொண்டார்கள்.

நம் ஊருக்கே உரிய பொறி ஒன்று உண்டு, காற்புள்ளி. 1,00,000 என்று அழகாக எழுதிய தொகையை ஏ-டு-ஐயிலோ ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட்டிலோ போட்டால் விடை 1. முதல் காற்புள்ளியில் நின்றுவிடும். ஒரு லட்ச ரூபாய் ஒரு ரூபாயாகும். பைத்தானும் ஜாவாவும் இதே ஸ்டிரிங்கைப் பார்த்தால் கத்திவிட்டு நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கடுமை என்பார்கள். ராத்திரி ஓடும் வேலை, பதினோராயிரமாவது வரியில் ஒரு காற்புள்ளிக்காக விழுந்து கிடந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் விழுந்த புரோகிராமைக் காலையில் வந்து எழுப்பிவிடலாம். லட்சத்தை ஒன்றாக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஓடி முடித்த புரோகிராமை யார், எப்போது கண்டுபிடிப்பது?

பி.எச்.பி. இந்தச் சிரித்த முகத்துக்குப் பேர்போனது. எட்டாம் பதிப்பு 2020-ல் வரும்வரை, எந்த வார்த்தையையும் 0-வோடு ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்றே சொல்லும். வார்த்தையை எண்ணாக்கிப் பார்க்கும், இலக்கம் எதுவும் இல்லை, ஆகவே பூஜ்யம், ஆகவே சமம். ‘ராமு’வும் பூஜ்யமும் ஒன்றாக இருந்த அந்த உலகத்தில் எத்தனை லாகின் பக்கங்கள் ஓடின என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் தன் பங்குக்கு, ‘நம்பர்’ என்ற ஃபங்ஷனில் வெற்று ஸ்டிரிங்கைக் கொடுத்தால் இன்றும் 0 தரும். நிரப்பாத கட்டமும் பூஜ்யம் என்று நிரப்பிய கட்டமும் அதற்கு ஒன்றே.

எக்செல் பற்றித் தனியாக ஒரு புலம்பல் எழுதலாம். யாரும் கேட்காமலே மாற்றிவைக்கும் மென்பொருள் அது. 12 இலக்க ஆதார் எண்ணை அறிவியல் முறையில் சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் காட்டியதுதான் மிஞ்சும், மற்ற இலக்கங்கள் போனது போனதுதான். 16 இலக்க அட்டை எண்ணில் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும், அதற்கு 15 வரைதான் ஞாபகம் நிற்கும். இதையெல்லாம் பார்த்த பிறகு, வாடிக்கையாளர் எக்செல் கோப்பு அனுப்புகிறேன் என்றால் நான் முதலில் கேட்பது, அந்தக் கோப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த மூலத்தைத்தான்.

இவ்வளவும் கற்ற பிறகு எனக்கு மிகப் பிடித்த வேலை ஒன்று கிடைத்தது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் நிறைய உள்ள ஒரு நூலகத்தின் அட்டவணையைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். தலைப்பு, ஆசிரியர், அச்சகம் எல்லாம் ஸ்டிரிங், தொல்லை இல்லை. ஆண்டு மட்டும் இன்டிஜர். அந்த ஒரு ஃபீல்டு என்னை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டது.

பல புத்தகங்களின் முகப்பில் ஆண்டு தமிழ் இலக்கத்தில் இருந்தது, அட்டவணை எழுதியவர்கள் இருந்தபடியே பதிந்திருந்தார்கள். ௧௮௯௫ என்று யூனிகோடில் ஒழுங்காக இருந்தால் பைத்தானின் ‘இன்ட்’ எந்த உதவியும் இல்லாமல் 1895 என்று தந்துவிடுகிறது. ஜாவாவும் தரும். சி, கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் இவை தராது. உள்ளே நடக்கும் கணக்கு அதே கணக்குதான், 48-க்குப் பதில் தமிழ்ப் பூஜ்யத்தின் குறியெண்ணான 3046-ஐக் கழிக்க வேண்டும். அந்தத் தமிழ்ப் பூஜ்யம் யூனிகோடுக்குள் வந்ததே 2005-ல், 4.1 பதிப்பில். மற்ற ஒன்பதும் முன்பே உள்ளே இருந்தன. அதற்கு முன் தட்டியவர்கள் ஒன்றைத் தமிழிலும் பூஜ்யத்தை ஆங்கில இலக்கத்திலும் போட்டிருந்தார்கள். ௧௯0௪ என்று இரண்டும் கலந்து. பைத்தான் அதையும் முகம் சுளிக்காமல் 1904 என்று வாசித்தது. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாகத்தான் அது பார்க்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தட்டச்சு செய்தவர்களின் கீபோர்டில் தமிழ் இலக்கம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உருவத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டிவிட்டார்கள். ஒன்றுக்குக் ககரம், இரண்டுக்கு உகரம், ஐந்துக்கு ‘ரு’, எட்டுக்கு அகரம், ஒன்பதுக்கு ‘கூ’. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் க என்பதன் குறியெண் 2965, ௧ என்பதன் குறியெண் 3047. முன்னது எழுத்து, பின்னது இலக்கம். பைத்தான் கத்தியது, நல்லவேளை. 1895 என்பது ‘கஅகூரு’ என்று கிடந்தது. கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் ஆறு குறி. ‘கூ’ என்பது ககரமும் ஊகாரக் குறியும், ‘ரு’ என்பது ரகரமும் உகரக் குறியும். ஒவ்வொரு குறியாக மாற்றிக்கொண்டு போனால் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று வந்து, பின்னால் ஒரு கொம்பு அநாதையாக நிற்கும். ‘ச’ நான்கு, ‘சு’ ஆறு என்பதிலும் இதே கதை. நீளமானதை முதலில் தேடி, அது இல்லையென்றால்தான் குட்டையானதை எடுக்க வேண்டும். அப்படி ஓர் அட்டவணை போட்டதும் பாதிக்கு மேல் வழிக்கு வந்தன.

மீதியில் பழைய முறை வந்தது. பத்து, நூறு, ஆயிரம் மூன்றுக்கும் தமிழில் தனிக்குறிகள் உண்டு, ௰, ௱, ௲. இந்த முறையில் பூஜ்யமே வேண்டாம். 1895 என்பதை ௲௮௱௯௰௫ என்று எழுதுவார்கள். ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, ஐந்து. வாயால் சொல்கிற மாதிரியே. யூனிகோடு இந்த மூன்றுக்கும் மதிப்பு வைத்திருக்கிறது, ஆனால் இலக்கம் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே ‘இன்ட்’ மறுத்துவிடும். பத்தால் பெருக்கிக் கூட்டும் லூப் இங்கே உதவாது. இலக்கம் வந்தால் கையில் வைத்துக்கொள், குறி வந்தால் கையில் இருப்பதோடு பெருக்கி மொத்தத்தில் சேர், கையில் எதுவும் இல்லையென்றால் ஒன்று என்று வைத்துக்கொள், கடைசியில் கையில் மிஞ்சியதையும் மொத்தத்தில் சேர். இத்தனை வருடம் நேர்காணலில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியின் வேறொரு விடையை நானே முதல்முறையாக எழுதினேன். சின்ன ஃபங்ஷன்தான். ஓடியபோது அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அட்டவணையை ஆண்டு வரிசையில் அடுக்கி நூலகரிடம் காட்டினேன். அதில் ஒரு பகுதி பழைய மென்பொருளிலிருந்து அப்படியே எடுத்தது. முதல் பக்கம் முழுக்க ஆண்டு 0.

“சார், இதெல்லாம் கிறிஸ்து பிறக்கிறதுக்கு முன்னாடி அச்சடிச்ச புஸ்தகமா?” என்றார் அவர்.

பழைய மென்பொருள் தனக்குப் புரியாத ஆண்டையெல்லாம் ஏ-டு-ஐ வழியில் பூஜ்யமாக்கி வைத்திருந்தது. நான் புதிய ஃபீல்டைக் காலியாகவும் இருக்கலாம் என்று மாற்றினேன். முகப்பில் இருந்தது இருந்தபடியே பக்கத்தில் ஒரு ஸ்டிரிங்காகவும் இருக்கட்டும் என்று சேர்த்தேன். பூஜ்யமாகிப்போன புத்தகங்களை மட்டும் நூலகர் அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொல்லி, முகப்பை மறுபடி பார்த்து எழுத வைத்தார். அப்போதுதான் தெரிந்தது, அவற்றில் பலவற்றில் ஆண்டு இல்லாமல் இல்லை. ‘விகாரி வருடம் தை மாதம்’ என்று தெளிவாக இருந்தது.

விகாரியை எண்ணாக்க முடியுமா? அறுபது வருடப் பெயர்களில் அதற்கு ஓர் இடம் உண்டு, 33. ஆனால் நமக்கு வேண்டியது அதுவல்ல. அது 1899-ல் தொடங்கியது, 1959-ல் தொடங்கியது, 2019-லும் தொடங்கியது. தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். ஆகவே 1900, 1960, 2020. ஒரு ஸ்டிரிங், மூன்று இன்டிஜர். எந்த மொழியின் லைப்ரரியிலும் இதற்கு ஃபங்ஷன் கிடையாது. நான் மூன்றையும் திரையில் காட்டிவிட்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நூலகருக்கு விட்டேன். அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கண நேரம் பார்த்து, டிக் செய்துகொண்டே போனார்.

“எப்படி மேடம் கண்டுபிடிக்கிறீங்க?”

“விலையைப் பாருங்க சார். அணான்னு போட்டிருந்தா 1900. நயா பைசான்னா 1960.”

1957 ஏப்ரலில்தான் அணா போய்த் தசம நாணயம் வந்தது. விலைக்கு அட்டவணையில் இடமே இல்லை, அன்று மாலை ஒரு ஃபீல்டு சேர்த்தேன். ‘இரண்டணா’, ‘அணா 6’, ‘50 ந.பை.’ என்று முகப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஸ்டிரிங்காக.